குப்பை குறைந்த கல்யாணம்: எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள்

கல்யாணத்தில் குப்பையைக் குறைக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் போவது கடைக்கு. மூங்கில் கரண்டி, விதைக் காகித அழைப்பிதழ், 'மக்கும்' என்று அச்சடித்த கோப்பை, சணல் பை என்று பட்டியல் நீளும். எல்லாமே புதிதாகச் செய்து, லாரி ஏறி வந்து, ஒரே நாளில் வேலை முடிந்துபோகும் சாமான்கள். அவற்றில் சில நல்லவைதான். ஆனால் எத்தனை பேரை அழைக்கிறோம், எங்கே கூடுகிறோம், எத்தனை வகை சமைக்கச் சொல்கிறோம், ஒப்பந்தக்காரர்களிடம் என்ன எழுதி வாங்குகிறோம் என்ற நான்கு முடிவுகளுக்கு முன்னால் அவையெல்லாம் சில்லறை. இந்த நான்கும் இரண்டு மூன்று மாதம் முன்பே முடிவாகிவிடுகின்றன. அன்றைக்குக் காலையில் நாலு கலரில் தொட்டி வாங்கி வைத்து அதைச் சரிக்கட்ட முடியாது.

கணக்குக்கு வசதியாக, 300 பேர் வரும் ஒரு கல்யாணத்தை வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர் கணக்கு

எத்தனை பேர் வருவார்கள் என்று சரியாகத் தெரிந்துகொள்வதுதான் இருப்பதிலேயே பெரிய சுற்றுச்சூழல் வேலை. இதற்குக் காசும் செலவில்லை. பெரும்பாலான வீடுகளில் இது நடப்பதில்லை. பெண் வீட்டார் தங்களிடமிருக்கும் கணக்கில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பத்து சதவீதம் கூட்டுவார்கள். அந்தக் கணக்கின்மேல் மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு பத்து. சமையல் ஒப்பந்தக்காரர், சாப்பாடு போதவில்லை என்ற கெட்ட பெயர் வரக்கூடாது என்று தன் பங்குக்குப் பத்து. 300ஐ மூன்று முறை 1.1ஆல் பெருக்கிப் பாருங்கள், 399 வரும். யாரும் தப்பாக எதுவும் செய்யவில்லை, ஆனால் 99 பேருடைய சாப்பாடு கூடுதலாக வெந்துவிட்டது. உபரி ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும், அது எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சரியான கணக்கு கையில் இருந்தால் ஐந்து சதவீதம் போதும்.

கணக்கெடுப்பை மூன்று முறை செய்யுங்கள்: ஆறு வாரம் முன்பு, இரண்டு வாரம் முன்பு, நான்கு நாள் முன்பு. பொறுப்பு ஒரே ஆளிடம், ஒரே தாளில் இருக்கட்டும். வீடு வீடாக ஒரு வரி. பெரியவர்கள் எத்தனை, பத்து வயதுக்குள் எத்தனை, எந்தெந்த வேளை சாப்பாடு, இரவு தங்குவார்களா, வண்டியில் இடம் வேண்டுமா. சின்னப் பிள்ளைகளை அரை ஆளாகக் கணக்கில் எடுங்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். "வருவீங்கல்ல?" என்று கேட்டால் "கண்டிப்பா வர்றோம்" என்றுதான் பதில் வரும், அது மரியாதை. "சித்தப்பா, நீங்க எத்தனை பேர் வர்றீங்க? ராத்திரி சாப்பாட்டுக்கு இருப்பீங்களா, மத்தியானத்தோட கிளம்பிடுவீங்களா? வண்டியில எத்தனை சீட்டு போடட்டும்?" என்று கேட்டால் எண்ணிக்கை வரும். வண்டியில் இடம் பிடித்துத் தருகிறோம் என்ற பேச்சு வந்ததும் வராதவர்கள் தயங்காமல் வரவில்லை என்று சொல்லிவிடுவதைக் கவனிக்கலாம்.

அழைப்பிதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 300 பேர் என்றால் 100, 120 வீடுதான். ஆளுக்கொன்று வேண்டாம், வீட்டுக்கொன்று போதும். அதிலும் பாதிக்கு மேல் கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாம். நேரில் வைத்து அழைக்க வேண்டிய பெரியவர்களுக்கு மட்டும் அச்சடியுங்கள். லேமினேஷன், பளபளக்கும் ஃபாயில் அச்சு, மினுக்குத்தூள் மூன்றும் வேண்டாம். அவை ஏறிய காகிதம் பழைய பேப்பரோடு சேர்ந்து கூழாகாது. விதைக் காகிதத்தை நான் பரிந்துரைப்பதில்லை. விதைகள் நாளாக நாளாக முளைப்புத் திறனை இழக்கும், வாங்கியவர்களில் நடுகிறவர்கள் குறைவு, எந்தச் செடி என்று தெரியாமல் வாங்கினால் அந்த மண்ணுக்கு ஒவ்வாத களையாகவும் பரவலாம்.

சாப்பாடு

உலகம் முழுவதும் 2022ல் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. அதில் 28 சதவீதம் உணவகம், கேட்டரிங் போன்ற இடங்களில். வீணான உணவு குப்பைமேட்டில் புதையும்போது காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வெளிவிடும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் பூமியைச் சூடாக்குவது சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். உழவு, உரம், தண்ணீர், எரிவாயு எல்லாம் செலவழித்து உருவானதை இப்படி முடிப்பதால்தான் சாப்பாட்டை அலங்காரத்துக்கு முன்னால் வைக்கிறேன்.

முதல் வேலை வகைகளைக் குறைப்பது. ஒருவர் ஒரு வேளையில் சாப்பிடுவது சுமார் அரை கிலோ. 20 வகை வைத்து ஒவ்வொன்றிலும் 50 கிராம் தட்டில் விழுந்தாலே ஒரு கிலோ ஆகிவிடும். பாதி மிஞ்சத்தானே செய்யும்? தவிர, ஒவ்வொரு வகைக்கும் சமையல்காரர் தனித்தனியாகக் கொஞ்சம் கூடுதல் போடுவார். 20 வகை என்றால் 20 பாத்திரத்தின் அடியில் மிச்சம். 8, 10 வகையாக்கினால் அதே ஆட்கள் ஒவ்வொன்றையும் கவனமாகச் செய்வார்கள், ருசியும் கூடும்.

இரண்டாவது, தவணையாகச் சமைப்பது. சாப்பாட்டு நேரம் தொடங்கும்போது 60 சதவீதம்தான் வெந்திருக்க வேண்டும். மீதிக்கான காய் நறுக்கி, தானியம் அளந்து, மசாலா அரைத்துத் தயாராக இருக்கட்டும். பாதிப் பேர் சாப்பிட்டு எழுந்ததும் வந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து அடுத்த தவணையை அடுப்பிலேற்றலாம். சமைக்காத பொருள் நாளைக்கும் உதவும். ஒரு நிபந்தனை: உதவிக்குக் கூடுதலாக ஓர் ஆள் வேண்டும், அடுப்புகள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளியே சமைத்து வண்டியில் கொண்டுவரும் ஒப்பந்தக்காரரிடம் இது நடக்காது. ஆளைப் பிடிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் முறை என்றால் தட்டு சின்னதாக இருக்கட்டும். 2013ல் வெளியான ஓர் ஆய்வு, நார்வே ஹோட்டல்களில் தட்டின் அளவைக் குறைத்ததும் உணவு வீணாவது சுமார் 20 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. 'எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்' என்ற பலகைக்கும் ஏறக்குறைய அதே பலன். பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுவதென்றால், கேட்காமல் போடக்கூடாது என்று பரிமாறுகிறவர்களிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். 'அரைக் கரண்டி போடட்டுமா?' என்று கேட்கப் பழக்கினால் போதும். இதை மேற்பார்வையாளரிடம் மட்டும் சொன்னால் பலனில்லை, கரண்டி பிடிக்கிற பையனுக்குப் போய்ச் சேர வேண்டும்.

மிஞ்சியதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது கடைசி நேரத்தில் ஒரு போனில் நடக்கிற காரியமில்லை. வாங்கிக்கொள்ளும் இல்லத்தையோ குழுவையோ இரண்டு வாரம் முன்பே பேசி, குறைந்தது எத்தனை பேர் சாப்பாடு இருந்தால் வண்டி அனுப்புவார்கள், எத்தனை மணிவரை வாங்குவார்கள், பாத்திரம் யாருடையது என்று முடிவுசெய்ய வேண்டும். கைபடாத, தட்டுக்குப் போகாத உணவு மட்டும்தான் கொடுக்கத் தகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆகவே ஒன்று 60க்கு மேல் சூடாகவே போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்க வேண்டும். பெரிய அண்டாவில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பரப்பினால்தான் ஆறும். சோற்றில் குறிப்பாகக் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. வெளியே கிடக்கும் சோற்றில் அது உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பசியோடு இருப்பவருக்கு வாந்தியையோ வயிற்றுப்போக்கையோ கொடுத்து அனுப்புவது தானமாகாது. பந்தி முடியும்வரை காத்திருக்காமல், முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டதுமே மிச்சத்தை மதிப்பிட்டு வண்டிக்குச் சொல்லிவிடுங்கள்.

தட்டு, தம்ளர், தண்ணீர்

300 பேருக்கு ஆளுக்கு இரண்டு அரை லிட்டர் பாட்டில் என்றால் 600 பாட்டில். பாதி, கால்வாசி குடித்துவிட்டு வைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பதில்: நான்கைந்து மணி நேர நிகழ்ச்சிக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வைத்தால் 450 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 23. வெயில் காலமென்றால் 28 சொல்லிவிடுங்கள், திறக்காத கேன் திரும்பிப்போகும். 50, 60 பேருக்கு ஓர் இடம் வீதம் ஐந்தாறு இடங்களில் தண்ணீர் வைத்து, 450 எவர்சில்வர் தம்ளர் சுற்றிவந்தால் போதும். ஒவ்வொரு இடத்திலும் 'கழுவியது', 'குடித்தது' என்று இரண்டு தட்டு வேண்டும். இதை மறந்தால் பத்து நிமிடத்தில் இரண்டும் கலந்து, யாரும் தம்ளரைத் தொடமாட்டார்கள், யாரோ ஒருவர் பாட்டில் வாங்க ஓடுவார்.

தட்டும் தம்ளரும் வாடகைக்கு எடுங்கள், வாங்காதீர்கள். கழுவுமிடம் ஒழுங்காக இருந்தால் 220 தட்டு 300 பேருக்குத் தாங்கும். கழுவ இடமில்லை என்றால் 330 எடுத்து, மிச்சத்தை வழித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பேசிக்கொள்ளுங்கள்.

கழுவுமிடம் இப்படி இருக்க வேண்டும். முதலில் வழிக்கும் மேசை, ரப்பர் கரண்டியும் தொட்டியும். அடுத்து சோப்புத் தண்ணீர்த் தொட்டி, பிறகு அலசும் தொட்டி, கடைசியில் கிருமி நீக்கும் தொட்டி. திறந்த குழாயில் கழுவினால் நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் ஓடிவிடும். தொட்டி முறையில் தண்ணீர் கலங்கும்போது மட்டும் மாற்றினால் போதும். கடைசித் தொட்டியில் 77 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம், அல்லது 5 சதவீத பிளீச் லிட்டருக்கு 2 மில்லி கலந்த தண்ணீரில் ஒரு நிமிடம். எண்ணெயும் பருக்கையும் அந்தத் தொட்டிக்குள் போனால் குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், தட்டில் எதுவும் சாகாது. அதனால்தான் அலசும் தொட்டியைத் தவிர்க்கக்கூடாது. கழுவியதைத் துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். ஈரத்துணி நீக்கிய கிருமியைத் திரும்பக் கொண்டுவந்து பூசிவிடும்.

வேறு வழியே இல்லாமல் ஒருமுறைப் பொருள் வாங்க நேர்ந்தால் 'மக்கும்' என்ற அட்டையை நம்பி வாங்காதீர்கள். தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. கோப்பை பார்க்கப் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும். அது மக்க 58 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு தாங்கும் தொழிற்சாலை உரக்கிடங்கு வேண்டும். ஐரோப்பிய இ.என் 13432 தரச்சான்று சொல்வதும் அந்த மாதிரி கிடங்கைத்தான், வீட்டுத் தோட்டத்துக் குழியை அல்ல. குழியில் போட்டால் வருடக்கணக்கில் கிடக்கும், பெட் பாட்டிலோடு கலந்தால் அந்த மறுசுழற்சியும் கெடும். சூடான பானம் ஊற்றினால் தளர்ந்தும் போகும். காகிதக் கோப்பையின் உட்புறம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பூச்சு. 'ஆக்ஸோ' என்ற பெயரில் வருவது தூள்தூளாக உடையும் சாதாரணப் பிளாஸ்டிக்தான், ஐரோப்பிய ஒன்றியம் அதை 2021லிருந்து தடைசெய்துவிட்டது. பூச்சு எதுவும் இல்லாத, வெறும் இலையாலோ நாராலோ அழுத்திச் செய்த தட்டு என்றால் பரவாயில்லை. கரும்புச்சக்கைத் தட்டில் எண்ணெய் ஊறாமலிருக்கச் சில தயாரிப்பாளர்கள் பி.எஃப்.ஏ.எஸ். என்ற அழியா ரசாயனங்களைச் சேர்த்திருக்கிறார்கள், அது இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

பூ, துணி, விளக்கு

பூ அலங்காரத்தில் பூவால் வரும் கெடுதலைவிட அதைத் தாங்கும் பொருள்களால் வருவது அதிகம். பச்சை நிறத்தில் செங்கல் மாதிரி இருக்குமே, பூக்காம்பைக் குத்திவைக்கும் அந்த ஃபோம், அது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக். விரலால் தேய்த்தாலே தூளாகும். அந்தத் தூள் வாளித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும், மக்காது. பதிலுக்கு, ஐந்து சென்டிமீட்டர் கண்ணுள்ள கோழிவலையைப் பந்தாகச் சுருட்டிப் பாத்திரத்துக்குள் அமுக்கி, வாயில் குறுக்கே இரண்டு கம்பி கட்டினால் காம்புகள் அசையாமல் நிற்கும். தண்ணீரில் நேராக நிற்பதால் பூவும் கூடுதல் நேரம் தாங்கும். அதே வலை அடுத்த கல்யாணத்துக்கும் ஆகும்.

பூச்சரங்களில் மாட்டிக்கொள்வது நூல். பாலியெஸ்டர் நூல், ஜிகினா இழை, குண்டூசி, ஸ்டேப்லர் பின் இவை இருந்தால் மறுநாள் அத்தனை பூவும் உரக்குழிக்குப் பதில் குப்பை லாரிக்குத்தான் போகும், உட்கார்ந்து பிரிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. பருத்தி நூல் அல்லது நாரில் மட்டும் கட்ட வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லுங்கள். சாயம் தெளித்த பூ வேண்டாம். கடைப் பூவில் பூச்சிமருந்து இருக்கக்கூடும் என்பதால் சாப்பாட்டின்மேல் தூவவும் வேண்டாம். தொட்டிச் செடிகளை வாடகைக்கு எடுத்து நிறுத்தினால் பாதி இடத்தை அவையே நிரப்பிவிடும்.

தெர்மாகோலில் 95 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்று. ஒரு லாரி நிறைய ஏற்றினாலும் எடை வராது என்பதால் பழைய பொருள் வியாபாரிகள் தொடமாட்டார்கள். ஃப்ளெக்ஸ் பேனர் பி.வி.சி. பூசிய துணி, எரித்தால் நச்சுப்புகை. துணியில் எழுதுங்கள், தேதி போடாதீர்கள், இன்னொருவருக்கு உதவும். பலூன், வண்ணக் காகிதத்தூள், மினுக்குத்தூள் இவற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். பிளாஸ்டிக் மினுக்குத்தூளின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து தடை போட்டிருக்கிறது.

நிகழ்ச்சியைப் பகலில் வைத்தால் விளக்குச் செலவில் பெரும்பகுதி மிச்சம். இரவில்தான் என்றால் எல்.இ.டி. மட்டும். 60 வாட் குண்டுபல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். ஜெனரேட்டரில் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. பாதுகாப்புக்கு என்று 62 கே.வி.ஏ. (சுமார் 50 கிலோவாட்) எடுத்து 10 கிலோவாட் மட்டும் ஓட்டுவார்கள். 30 சதவீதத்துக்குக் கீழே சுமை இருந்தால் டீசல் முழுதாக எரியாமல் புகையும் கரியும் தள்ளும், எஞ்சினும் கெடும். எந்தெந்தச் சாதனம் எத்தனை வாட் என்று கூட்டிப்பார்த்து அதற்கு ஒன்றேகால் மடங்கு எடுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவர் விமானத்தில் 5,000 கிலோமீட்டர் வந்து திரும்பினால் சுமார் ஒரு டன் கரியமில வாயு. தட்டிலும் தம்ளரிலும் பார்த்துப் பார்த்துச் சேமித்ததைப் பத்து டிக்கெட் விழுங்கிவிடும். பெரும்பாலான விருந்தினர் வாழும் ஊரில் கூடுவதும், நிலையத்திலிருந்து 40 சீட்டுப் பேருந்து ஒன்றை விடுவதும் மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தரும். பொழுதுபோக்குக்காகத் தொலைதூர ஊரில் கல்யாணம் வைத்துக்கொண்டு அதைப் பசுமைத் திருமணம் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எழுதி வாங்குவது

குப்பை பெரும்பாலும் விருந்தினர் கையில் வருவதில்லை, ஒப்பந்தக்காரர்களின் வண்டியில் வருகிறது. வாய்ச்சொல் போதாது. ஒவ்வொருவரிடமும் நான்கு வரி எழுதி வாங்குங்கள்: எந்தெந்தப் பொருள் உள்ளே வரக்கூடாது (பாட்டில் தண்ணீர், சாஷே, கிளிங் ஃபிலிம், தெர்மாகோல், ஃபோம், ஃப்ளெக்ஸ்), அவர்கள் கொண்டுவரும் பெட்டியும் கவரும் அவர்களோடே திரும்ப வேண்டும், மாற்றம் தேவைப்பட்டால் யாரிடம் கேட்க வேண்டும், மீறினால் கடைசித் தவணையில் எவ்வளவு பிடித்தம். அந்த 'யாரிடம்' என்பது மணமக்களாகவோ அவர்களைப் பெற்றவர்களாகவோ இருக்கக்கூடாது. அன்றைக்கு அவர்களுக்கு இதற்கு நேரமிருக்காது. நெருங்கிய உறவில் நிதானமான ஒருவர் முழுநேரமும் இதையே பார்க்க வேண்டும்.

தொட்டிகள்

கூடம் முழுக்கத் தொட்டிகளை இறைத்து வைப்பதால் பலனில்லை. சாப்பிட்டு எழுந்து கைகழுவப் போகும் வழியில் மூன்று இடம் போதும். தனித்தொட்டி ஒன்று எங்கே இருந்தாலும் அதில் எல்லாம் விழும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் வரிசை முழுமையாக இருக்க வேண்டும்: முதலில் மிச்சத் தண்ணீர் ஊற்றும் வாளி, பிறகு உணவு, பிறகு காகிதம், கடைசியில் மற்றவை. தண்ணீர் முதலில் போனால்தான் காகிதம் நனையாமல் தப்பும், பையும் கனக்காது. எழுத்துப் பலகையை யாரும் படிப்பதில்லை. தொட்டியின் தலைக்கு மேலே உண்மையான கைத்துடைப்புத்தாளையும், உண்மையான தட்டையும் கட்டித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், முதல் 50 பேர் சரியாகப் போட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் பார்த்துச் செய்வார்கள். உணவுத் தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பவிடாதீர்கள். 80 லிட்டர் தொட்டி நிறைந்தால் 50 கிலோவைத் தாண்டும். தூக்க முடியாமல் இழுக்கும்போது பை கிழிந்து, அதுவரை பிரித்த வேலை எல்லாம் தரையில்.

தட்டு மிச்சம் ஆளுக்கு 100 கிராம் என்றாலும் 30 கிலோ. காய்த்தோல், பூ எல்லாம் சேர்த்தால் 80, 90 கிலோ ஈரக்கழிவு வரும். இடமிருந்தால் உரமாக்கலாம். கன அளவில் ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு காய்ந்த இலை. அந்த இலையை இரண்டு வாரம் முன்பிருந்தே மூட்டை கட்டிச் சேர்க்க வேண்டும், மறுநாள் தேடினால் கிடைக்காது. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே சூடு தங்கும், 55 டிகிரி மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமிகள் ஒழியும். நாற்றம் அடித்தால் காற்று போகவில்லை என்று பொருள். கிளறி, இன்னும் இலை போடுங்கள். எண்ணெய் மிதக்கும் மிச்சங்களை மெல்லிய அடுக்காக, நடுவில் மட்டும் வையுங்கள், மேலே இருந்தால் எலியும் நாயும் கிளறும். வாரம் ஒருமுறை புரட்டினால் மூன்று, நான்கு மாதத்தில் தயாராகும்.

வாடகைப் பாத்திரங்களை அன்று இரவே எண்ணிவிடுங்கள். தம்ளரும் கரண்டியும் அதிகமாகத் தொலைவது உணவுத் தொட்டிக்குள்தான். வழிக்கும் மேசையில் ஒரு காந்தம் வைத்திருந்தால் காந்தத்தில் ஒட்டும் வகை எவர்சில்வர் கரண்டிகள் சிக்கும். எல்லா எவர்சில்வரும் ஒட்டாது என்பதால் தொட்டியைக் குவியலில் கொட்டும்போது கையுறை போட்டு ஒருமுறை துழாவிப் பார்த்துவிடுங்கள். குறைகிற எண்ணிக்கையைத் தாளில் எழுதி, வாடகைக்காரரின் ஆளும் உங்கள் ஆளும் கையெழுத்துப் போட்டபிறகு வண்டியில் ஏற்றுங்கள். இல்லையென்றால் முன்பணத்தைத் திரும்ப வாங்கும்போது சண்டை வரும்.